திர்சா என்றால் பிடித்தமானவள்

1.

இந்தக் கதை எபி என்னிடம் ஒரு பெயர் கேட்டதிலிருந்து தொடங்குகிறது. எபியும் அவன் மனைவி கெசியாவும் குரோம்பேட்டையில் எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள். "சார், நீங்க ரைட்டர். பாப்பாவுக்கு யாரும் வைக்காத பேரா ஒண்ணு சொல்லுங்க. மீனிங் நல்லா இருக்கணும்" என்றான். எங்கள் தெருவில் என்னை ரைட்டர் என்று ஒருவரும் மதித்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

(முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: "ஆலயமணி ஒலித்தபோது கெசியாவின் கண்களில் ஒரு—" கண்களில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

2.

தேடினேன். நறுமுகை, வாசமுள்ள மொட்டு. தண்மதி, குளிர்ந்த நிலா. ஷிப்ரா, அழகானவள். தபித்தா, மான். பெண் குழந்தைகளின் பெயர்களை வரிசையாகப் படித்தால், உலகத்தில் எந்தப் பெண்ணும் கதவை ஓங்கிச் சாத்தியதே இல்லை என்று தோன்றிவிடும்.

கடைசியில் திர்சா அகப்பட்டது. எபிரேயப் பெயர், பிடித்தமானவள் என்று பொருள். எபி துள்ளிக் குதித்தான். அன்றே போதகரிடம் சொல்லிவிட்டான், ஞானஸ்நானக் கேக்கிலும் எழுதச் சொல்லிவிட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கெசியாவை யாரும் கேட்கவில்லை.*

* புருஷன் பெண்டாட்டி பேசி முடிவு செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்?

3.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கெசியா பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பொழிச்சலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், இப்போது லீவில் இருக்கிறாள்.

"அண்ணா, ரத்தினபாய்னு வெச்சா எப்படி இருக்கும்?"

"யாரும்மா அது, சொந்தத்துலயா?"

"என் ஸ்டூடண்ட். எய்த் பி."

"ரொம்பப் பிடிச்ச பொண்ணோ?"

"ஐயோ, அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது."

தலைக்கு மேல் விமானம் போனது. சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டோம். அவள் சொன்னதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்த அவகாசம் போதவில்லை.

"போர்டுல ஒரு கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன் அண்ணா. மொத்த கிளாஸும் அப்படியே எழுதிக்கிச்சு. இவ மட்டும் எழுந்து 'தப்பு மிஸ்'ங்கறா. வெளிய போய் நில்லுன்னேன். போய் நின்னுக்கிட்டு, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'இன்னும் தப்பாத்தான் இருக்கு மிஸ்'ங்கறா."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"என்னை எல்லாருக்கும் பிடிக்கும். டீச்சராகுன்னாங்க, ஆனேன். இவரைக் கட்டிக்கன்னாங்க, கட்டிக்கிட்டேன். நல்லவர்தான், குறை சொல்லல. ஆனா எனக்கு என்ன வேணும்னு நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. என் பொண்ணும் அப்படிப் பிடிச்சவளாவே இருந்துட்டுப் போகணுமா?"

"எபிகிட்ட சொன்னியாம்மா?"

"கேக்குக்கு ஆர்டர் குடுத்துட்டாரே."

4.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகாத பெண்ணின் பெயரை யாராவது பெற்ற பிள்ளைக்கு வைப்பார்களா? நானாக இட்டுக்கட்டியிருந்தால் ரத்தினபாயை அவளுக்குச் செல்ல மாணவியாக்கியிருப்பேன். அப்படிச் செய்தால் கதை கெட்டுப்போகும் என்று மட்டும் தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை. மாடியேறி எபியிடம் நானே சொல்லிவிடலாம். ஆனால் அதுவும் அவளுக்காக இன்னொருவர் பேசுவதுதானே? [உண்மையைச் சொன்னால், என் திர்சா தோற்பதிலும் எனக்கு வருத்தம்.]

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

கெசியா தைரியமாகச் சொல்கிறாள், கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கைதட்டுகிறார்கள். (ஞானஸ்நானத்தில் யார் கைதட்டுவார்கள்? அடி.)

சொல்லாமலே இருந்துவிடுகிறாள். வீட்டில் யாரும் இல்லாதபோது மட்டும் பாப்பாவை ரத்தினம் என்று கூப்பிடுகிறாள். (இதுதான் நடக்கும் போலிருக்கிறது. இதையும் அடி.)

ஆலயத்தில் நான் பெஞ்சிலிருந்து எழுந்து—

5.

ஞாயிற்றுக்கிழமை. போதகர் பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, பெயர் முன்பே தெரிந்திருந்தும் முறைப்படி, "பிள்ளைக்கு என்ன பேரிடுகிறீர்கள்?" என்று கேட்டு மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினார். கேள்வி இரண்டு பேருக்கும் பொது. யார் முதலில் வாய் திறக்கிறார்களோ, அவர் சொல்வதுதான் பெயர்.

எபி தொண்டையைச் செருமினான். கெசியா அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் திரும்பி, புரியாமல் அவளைப் பார்த்தான்.

இதற்கு அடுத்த வரியைப் பலமுறை எழுதிவிட்டேன். கெசியாவின் வாயில் ஒரு பெயரை வைத்தேன், எடுத்தேன், வேறொன்றை வைத்தேன். போதும். அவளைச் சுற்றியிருந்தவர்கள் இத்தனை வருஷம் செய்ததும் இதைத்தான். எந்தப் பெயர் சரி என்று எனக்கு இப்போதும் குழப்பம்தான், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நானில்லை.

கெசியா மைக்கை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் சும்மா இருங்கள், கேட்போம்.