இறங்கிக்கொண்டிருப்பவருக்கு வெந்நீர்

அந்த வருஷத்துப் பயிற்சியில் விமானத்திலிருந்து குதித்தவர்களில் ஒருவர் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் அன்று காலையே மைதானத்தில் வந்து விழுந்து, பாரசூட் குடையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். இவர் தையற்கடைத் தெருவுக்கு நேர் மேலே, விரித்த பாரசூட்டும் தானுமாக நின்றுவிட்டார். நின்றுவிட்டார் என்று சொல்வதும் தப்புதான். பொறுமையாகப் பார்த்தால் இறங்குவது தெரியும், சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் நகர்வது தெரிகிற மாதிரி. முதல் வாரம் ஊரே அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டது. அடுத்த வாரம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஊரை ஒட்டியே விமானத்தளம் என்பதால் ஆகாயத்தில் நடப்பது எதுவும் இங்கே யாருக்கும் பெரிய விஷயமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் ஓய்ந்ததும், வயிறு பெருத்த ராணுவப் போக்குவரத்து விமானங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து வரும். வரிசையின் தலை ஊரைத் தாண்டிய பிறகும் வால் வந்து சேர்ந்திருக்காது. அலமாரியில் இருக்கிற கண்ணாடி டம்ளர்கள் தாமாகவே விளிம்புக்கு நகரும். மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரும். அதைத் திருப்பிக் கேட்கப் போய் மூண்ட சண்டைகளும் உண்டு, முடிந்த கல்யாணங்களும் உண்டு. பிறகு விமானங்களின் வால்கதவுகள் திறக்கும், ஆட்கள் கொட்டுவார்கள்.

இறங்கிக்கொண்டிருப்பவருடைய மனைவி அதே தளத்தில் பாரசூட் மடிக்கிற கூடத்தில் வேலை பார்த்தாள். நீள மேஜையில் துணியைப் பரப்பி, கயிறுகளைச் சிக்கெடுத்து, மடிப்பு மடிப்பாக அழுத்திப் பைக்குள் அடக்குகிற வேலை. ஊரில் அவளுக்குக் குடைக்காரி என்று பேர். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்று அவர் முதுகில் மாட்டிக்கொண்டு போனது அவள் மடித்த குடை. விசாரணை நடத்தினார்கள், மடிப்பில் குற்றமில்லை என்று சொன்னார்கள். அவருடைய அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியோடு வந்து இறங்கியவள் படி ஏறுவதற்கு முன்பே, "நீ மடிச்சதுதானே?" என்று கேட்டாள். பிறகு அந்த வீட்டிலேயே தங்கி, கண்ணை மூடும்வரை அதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். குடைக்காரி ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அவளும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே இருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. ஆனால் அடுத்த வருஷம் குதித்தவர்கள் அவரைக் கடந்து வந்தபோது நன்றாகவே பேசியிருக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது இன்னும் அதே காலைதான். இப்போதுதான் குதித்திருக்கிறார், பக்கத்தில் வருகிறவர்கள் எல்லாரும் தன்னோடு குதித்தவர்கள். ஒரு ஆள் அவரைக் கடந்துபோக இரண்டு மூச்சு நேரம்தான் ஆகும், சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட வேண்டும். குடைக்காரி ஒவ்வொருவருக்கும் குடையை எடுத்துக் கொடுக்கும்போது ஒரு சேதியும் சொல்லி அனுப்பினாள். பாதிப் பேர் பயத்தில் மறந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் மறக்காமல், உங்க சம்சாரம் காத்துக்கிட்டிருக்காங்க என்று கத்தியிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே, "இதோ வந்துட்டேன். குளிக்க வெந்நீர் போட்டு வைக்கச் சொல்லு" என்றாராம். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் தினமும் வெந்நீர் போட்டாள்.

வயிறு எரிகிற கதை இனிமேல்தான். வருஷம் முழுக்க அவர் இறங்கிக்கொண்டே வருவார். மழை ஓய்கிற சமயத்தில் தெருமுனை மேல்நிலைத் தண்ணீர்த்தொட்டி உயரத்துக்கு வந்துவிடுவார். பூட்ஸின் அடியில் ஒட்டியிருக்கிற சேறுகூடத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் சும்மா விட்டால் தெருவில் கால் வைத்துவிடுவார். சரியாக அப்போது பயிற்சி வந்துவிடும். அத்தனை விமானங்களும் சேர்ந்து கிளப்புகிற காற்று அவருடைய குடைக்குள் புகுந்து, அவர் குதித்த உயரத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். மறுபடியும் முதலிலிருந்து.

அவள் தளத்து அதிகாரியிடம் போய், ஒரே ஒரு வருஷம் பயிற்சியை நிறுத்தி வைக்கும்படி கேட்டாள். அதிகாரி நல்ல மனுஷர், உட்காரவைத்து விளக்கினார். குதித்த எல்லாரும் தரைக்கு வந்தால்தான் ஒரு பயிற்சி முடிந்ததாக அர்த்தம். முடியாத பயிற்சியை மறுவருஷம் விமானம் ஒன்றுகூடக் குறையாமல் திரும்ப நடத்தியாக வேண்டும், விதி அப்படி.

"உங்க வீட்டுக்காரருக்காகத்தாம்மா திரும்பத் திரும்ப நடத்தறோம். அவர் எறங்கிட்டா அன்னைக்கே நிறுத்திடுவோம்."

"நீங்க நிறுத்தினா அவர் எறங்கிடுவார் சார்."

அதிகாரி விதிப்புத்தகத்தை எடுத்து இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு, புரியுதும்மா என்றார். அவருக்கு உண்மையிலேயே புரிந்துதான் இருந்தது. அவர் மாற்றலாகிப் போனார், அடுத்து வந்தவருக்கும் புரிந்தது. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, விதியை மாற்றுகிற அதிகாரம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை.

முயற்சி செய்யவில்லை என்று ஊரைக் குறை சொல்ல முடியாது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஓர் ஆள் உயரம் போதவில்லை. நீள ஏணி கேட்டு எழுதினார்கள், அது வந்து சேர்ந்தபோது அவர் மேலே போயிருந்தார். ஹெலிகாப்டர் கொண்டுவந்தார்கள், அதன் விசிறிக் காற்று அவரை ரயில் நிலையம்வரை தள்ளிவிட்டது, அங்கிருந்து அவர் திரும்பிவர நாளாயிற்று. கிணறு தூர்வாருகிற ஒருவர் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டி வீசினார். கொக்கி அந்தரத்தில் இருந்தவர் காலில் மாட்டவும் செய்தது. ஊரே கூடி இழுத்ததில் வலது கால் பூட்ஸ் மட்டும் கழன்று, சாதாரண வேகத்தில் விழுந்து, தையற்கடையின் ஓட்டுக் கூரையை உடைத்தது. குடைக்காரி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து, பாலிஷ் போட்டு, வாசலில் அவர் கழற்றி வைக்கிற இடத்தில் வைத்தாள்.

பிறகு வருஷங்கள் போயின. வேலையில் இருப்பவராகவே கருதப்பட்டதால் அவருக்கு மேலேயே இரண்டு பதவி உயர்வுகள் வந்தன. அந்தத் தெருவில் வீடு காட்டுகிற தரகர், மேல ஒருத்தர் இருக்கார், ஆனா ஒரு தொந்தரவும் கிடையாது என்று சொல்லப் பழகிக்கொண்டார். குடைக்காரியின் அண்ணன் வந்து, வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் பேச்சை நிறுத்திக்கொண்டார். செத்தவரென்றால் அழுது தீர்த்திருப்பாள். விட்டுப் போனவரென்றால் சபித்திருப்பாள். இவர் வந்துகொண்டிருக்கிறாரே. நாத்தனார் இறந்தபோது அந்தச் சேதியை மட்டும் அவள் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. குதிக்கிற நேரத்தில் ஒரு மனுஷனிடம் இதைச் சொல்லலாமா என்றாள். அவளுக்கு முடி நரைத்தது, முட்டி வலி வந்தது, ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்பட்டது. மடிக்கிற கை மட்டும் தளரவில்லை.

மடிக்கிற கூடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. யாரையாவது திடீரென்று கூப்பிட்டு, நீ மடிச்சதை நீயே மாட்டிக்கிட்டுக் குதி என்பார்கள். மடிக்கிறவர்களுக்குக் கவனம் பிசகாமல் இருப்பதற்காக. குடைக்காரியை மட்டும் இரக்கப்பட்டு யாரும் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெறுகிற வருஷம் அவளே போய்க் கேட்டாள். இந்த வயசுல எதுக்கும்மா என்று புதிய அதிகாரி பதறினார். "நான் மடிச்சது மேல எனக்கே சந்தேகமா இருக்கு சார்" என்றாள். மடித்தவளே இப்படிச் சொல்லிவிட்டால் குதித்துத்தான் தீர்க்க வேண்டும், அதுவும் விதி.

அவள் மனசில் இருந்தது வேறு. அன்று அவருக்கு மடித்த அதே மேஜையில், அதே மாதிரி தனக்கு மடித்தாள். தானும் மேலேயே தங்கிவிட வேண்டும். வருஷா வருஷம் இறங்கி, வருஷா வருஷம் ஏறினாலும் சேர்ந்து ஏறலாம், சேர்ந்து இறங்கலாம். அதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்படவில்லை. குதிக்கிற அன்று காலை வீட்டைப் பெருக்கி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, இனி நீங்களே வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு, பூட்ஸை மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடைசி விமானத்தில் அவளை ஏற்றினார்கள். முன்னால் போன விமானங்களின் காற்று அதற்குள் அவரைத் தூக்கி உயரத்தில் நிறுத்தியிருந்தது. குதித்தாள். குடை விரிந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் இருந்தார். அதே இளவயது முகம், அன்று காலை சவரம் செய்த கன்னம், ஒரு காலில் வெறும் சாக்ஸ். அவள் பூட்ஸை அவிழ்த்து நீட்டினாள். வருஷக்கணக்காக ஆள் ஆளாகச் சேதி சொல்லி அனுப்பியவளுக்கு நேரில் ஒரு வார்த்தை வரவில்லை. முதல் மூச்சு அப்படியே போயிற்று. அவர் அவளைப் பார்த்தார், நீட்டிய கையைப் பார்த்தார், முகத்தில் அக்கறையோடு சொன்னார்:

"கையில இருக்கறதைக் கீழ போட்டுடுங்கம்மா. காலைச் சேத்து வச்சுக்குங்க, ஒண்ணும் ஆகாது."

அவ்வளவுதான், அவர் மேலே போய்விட்டார். அவர் எங்கே போனார், இவள்தான் கீழே வந்துவிட்டாள். நிற்கச் சொல்லிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், குடையிடம் கெஞ்சினாள், அழுதாள். குடை ஒழுங்காக வேலை செய்தது. மற்றவர்களோடு சேர்ந்து அவளும் மைதானத்தில் இறங்கினாள். காலைச் சேர்த்து வைத்திருந்ததால் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பூட்ஸ் கையிலேயே இருந்தது.

அதிகாரி ஓடிவந்து, மடிப்பு எப்படிம்மா இருந்துச்சு என்று கேட்டார். "சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். உங்க வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். "பத்திரமா எறங்கச் சொன்னார்" என்றாள்.

பக்கத்து வீட்டில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பூட்ஸைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல வெந்நீர் போட்டாள். அது கொதித்து, ஆறி, பதமான சூட்டுக்கு வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதில் தானே குளித்தாள்.

மறுவருஷமும் மழை ஓய்ந்ததும் விமானங்கள் மூன்று மூன்றாக வந்தன. தெருவில் எல்லாரும் மாடியில் காய்ந்த துணிகளை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள், அவளும் எடுத்தாள். எடுத்த துணியை உள்ளே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கும்போது டம்ளர்கள் விளிம்புக்கு நகர்ந்தன. எழுந்து போய் அவற்றை உள்ளே தள்ளி வைத்தாள். தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் மேலே போனார்.