முப்பத்தைந்து கிலோவுக்குக் கீழே

ஊரில் எல்லோரும் பள்ளத்தைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். இவர் தேடிப் போவார். கார் கம்பெனியில், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனைச் சோதித்துப் பார்ப்பதுதான் வேலை. அதனால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் பள்ளத்தார்.

சாதாரண காரில் ஸ்பிரிங் அடியை வாங்கிக்கொண்டு அப்புறம் ஆடும். இவருடைய வண்டி முந்திக்கொள்ளும். கேமரா பாதையைப் பார்க்கும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், சக்கரத்துக்கு ஒன்றாக உள்ள மோட்டார் அந்தச் சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் இறக்கும், மேட்டில் தூக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அவர் மனைவிக்கு எலும்பில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் போட்ட சத்தம் அவர் காதைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பும் இந்த ஒரு பயணமாவது வலிக்காமல் இருக்கட்டும் என்று மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சோதனை வண்டியை ஒரு நாளைக்கு வாங்கிவந்தார்.

அவள் தம்பி வண்டியை ஓட்ட, இவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே அவள்.

"துளி வலி தெரியாது பாரு," என்றார்.

"நான்தான் இளைச்சேன், உங்க வாய்ச்சவடால் இளைக்கவே இல்ல," என்றாள்.

முதல் வேகத்தடையிலேயே அலறினாள்.

"என்ன மாமா வண்டி இது!" என்று தம்பி பிரேக்கை மிதித்தான்.

அவர் திரையைப் பார்த்தார். அவள் சீட்டு சாம்பல் நிறத்தில் கிடந்தது. அங்கே ஆள் இல்லையாம்! ஆள் இல்லாத பக்கத்துக்கு மோட்டார் பாடுபட வேண்டாம், பேட்டரி மிச்சமாகும் என்று விதி எழுதியவர் இவரேதான். குழந்தை சீட்டுக்குத் தனிக் கணக்கு. மற்றபடி முப்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருந்தால் மூட்டை. "வளர்ந்த மனுஷன் எவன்யா அதுக்குக் கீழ இருப்பான்?" என்று ஆபீஸ் கூட்டத்தில் கேட்டு எல்லோரையும் சிரிக்கவும் வைத்திருந்தார். இன்று காலை நர்ஸ் அவள் எடையை இருபத்தொன்பது என்று எழுதினாள். பாவி மனுஷன், பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த விதியை மாற்ற ஆபீஸ் கம்ப்யூட்டர் வேண்டும். இறங்கிப் பின்னால் போனார். அவளை மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சுங்க?"

"என் தப்புதான்மா. நீ இல்லன்னு வண்டி நினைச்சிடுச்சு."

"அதுக்கு என்ன அவ்வளவு அவசரம்," என்றாள்.

"மாமா, திரையில பச்சை வந்துடுச்சு. ஒரு ஆள்னு காட்டுது," என்றான் தம்பி.

"ஓட்டு மச்சான்."

பள்ளங்கள் வந்தன, போயின. எந்தக் குலுக்கலும் மேலே ஏறவில்லை. அவள் அவர் நெஞ்சில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள், பல நாளைக்கு அப்புறம். அவர் அழுதால் உடம்பு குலுங்கும், அவளுக்கு வலிக்கும். வீடு வரும்வரை மூச்சைக்கூட அளந்து விட்டார்.