பாண்மீன்

அந்தச் சொல்லைத் தெரிந்தவர்கள் லண்டன் முழுக்க நான்கே பேர். ஒருத்தி பிறேமினி. ஒருவன் ஆண்பிள்ளை. மிச்சம் இரண்டு பெண்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்திதான் பிறேமினியின் கல்யாணத்துக்குக் கொள்ளி வைத்தவள்.

இரண்டு பேருமே இப்போது அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டெப்ட்ஃபோர்ட் சந்தை. சனிக்கிழமை மதியம். பழைய சட்டைக் குவியல்களையும் ஓடாத மணிக்கூடுகளையும் தாண்டிப் போனால் வியட்நாம்காரர்களின் சாப்பாட்டுக் கடைகள் வரும். மஞ்சள் போட்டுக் கரைத்த அரிசி மாவைக் கடைக்கார அம்மாள் சட்டியில் விசிற, அது சுர்ரென்று கத்தியது. மேலே இறால், பன்றி இறைச்சித் துண்டு, ஒரு கைப்பிடி முளைவிட்ட பயறு. விளிம்பு முறுகியதும் ஒரே மடிப்பு.

"பாருங்கோ, எங்கட தோசைக்கு வியட்நாமில ஒரு பெறாமகள்" என்றான் கொட்வின். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் இதைத்தான் சொல்வான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் அக்கா அஜித்தா அவன் தலையில் ஒரு குட்டு வைப்பாள்.

பிறேமினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகங்களைப் பார்த்தாள். அவள் டூட்டிங்கில் ஒரு பல் வைத்தியரிடம் நர்ஸ். வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கிற பல்லில்தான் உள்ளே சொத்தை பலமாக இருக்கும் என்பது அவளுக்கு அன்றாடம் பார்த்துப் பழகிய சங்கதி.

அந்தச் சொல் பிறந்ததே இதே மேசையில்தான். முதல்முறை வந்தபோது பலகையில் எழுதியிருந்ததைப் பிறேமினி எழுத்துக்கூட்டி வாசித்தாள். பான்... மீ... மன்னாரில் பிறந்தவளுக்கு அது எப்படி விளங்கும்? பாண் என்றால் அவளுக்கு ரொட்டி. பாணுக்குள் மீன்! "மீன் வேண்டாம், தின்று அலுத்துப் போச்சு" என்று கடைக்கார அம்மாளோடு ஒரு பாட்டம் வாதாடினாள். வந்தது என்னவோ நீளப் பாண். உள்ளே வறுத்த பன்றி இறைச்சி, புளிக்க வைத்த கரட், கொத்தமல்லி, பச்சை மிளகாய். மருந்துக்குக்கூட மீன் இல்லை. அன்றைக்குக் கொட்வினுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அன்றிலிருந்து அந்தச் சாப்பாட்டுக்கு இவர்கள் வைத்த பெயர் பாண்மீன். வெளியாள் எவருக்கும் தெரியாத பெயர்.

வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை பிளேஸ்டோவிலிருந்து அருள்நாயகி போன் எடுத்தாள். பிறேமினிக்கு நிச்சயித்திருந்த லெஸ்லியின் அம்மா.

"பிள்ளை, பாண்மீன் எண்டால் என்ன? பாணுக்கை மீன் வைச்சுத் தாறதோ?"

"மாமி... அதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஆரோ ஒரு பொம்பிளை. பேர் சொல்லேல்லை. எங்கட தமிழ்தான். உங்கட மருமகள் சனிக்கிழமையள்ல ஒரு பெடியனோட பாண்மீன் தின்னப் போறவ, கேட்டுப் பாருங்கோ எண்டாள். பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கோயில்ல உங்கட ரெண்டு பேற்றை கலியாண அறிவித்தலும் முதல்தரம் வாசிக்கப் போகினம். அதுக்கு முதல் இது பொய் எண்டு எனக்குத் தெரிய வேணும். இல்லாட்டி வாசிக்க வேண்டாமெண்டு ஃபாதரிட்டச் சொல்லிப்போடுவன்."

பிறேமினி உடனே லெஸ்லிக்குப் போன் எடுத்தாள். "அம்மாவோட கதையுங்கோ" என்றான். அவ்வளவுதான் லெஸ்லி.

ஞாயிறு என்றால் நாளைக்கு.

"ஆன்ட்டி! நாலு பன்மீன், ரெண்டு இறால் தோசை!" என்று கடைக்கார அம்மாளைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினாள் ஓவியா. அந்த அம்மாளும் இத்தனை நாளில் பழகிப்போய் நான்கு விரலைக் காட்டிச் சிரித்தாள்.

"பன் இல்லையடி. பாண்" என்றான் கொட்வின்.

"எங்க ஊர்ல பாணும் கிடையாது பீணும் கிடையாது. டீக்கடை பன்தான். போடா."

ஓவியா ஈரோட்டுப் பெண். கனரி வார்ஃபில் ஐடி வேலை. பிறேமினியோடு கோலியர்ஸ் வுட்டில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் குடித்தனம். பிறேமினி கல்யாணமாகிப் போனால் அந்த வீட்டை அவளும் காலி செய்தாக வேண்டும்.

வேறொன்றும் இருந்தது. ஓவியா அச்சு அசலாக யாழ்ப்பாணத் தமிழ் பேசுவாள். போன வருடம் கோயில் கமிட்டி மாமி மாதிரிப் பேசி, 'தம்பி, திருநாளுக்குக் கதிரை அடுக்க வாரும்' என்று கொட்வினை விடியற்காலையில் போனில் எழுப்பி, சட்டனிலிருந்து டூட்டிங் வரைக்கும் ஓட வைத்தவள்.

அஜித்தா? அஜித்தாவைப் பற்றி யோசிக்கவே பிறேமினிக்குக் கூசியது. மன்னாரில் ஒரே கொன்வென்ட், வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில். கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்றைக்கு உடுத்த வெள்ளைச் சட்டைகூட இரண்டு பேருக்கும் ஒரே துணியில் வெட்டியது.

சாப்பாடு வந்தது. பிறேமினி ஒரு வாய் கடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஆரோ மாமிக்கு என்னைப் பற்றி ஏதோ சொல்லிப்போட்டினம். நாளைக்கு அறிவித்தல் வாசிக்கிறதை நிப்பாட்டப் போறாவாம்."

"எவ அவ?" ஓவியா பாணைக் கீழே வைத்தாள். "நம்பர் இருக்கா? குடு, நான் பேசறேன். இல்ல, நாளைக்கு நானே சர்ச்சுக்கு வரேன். ரெண்டு வருஷமா இவகூட ஒரே வீட்ல இருக்கேன், என்ன தெரியணும் உங்களுக்குன்னு அந்த அம்மா முகத்துக்கு நேரா கேக்கறேன்."

அஜித்தா கையை நீட்டினாள். பிறேமினியின் கையைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது.

ஒருத்தி துள்ளுகிறாள். ஒருத்தி கலங்குகிறாள். யாரை நம்புவது? 'ஓவியாவுக்கு ஏன் இத்தனை துடிப்பு?' என்று பிறேமினியின் மனசுக்குள் ஒரு முள் நுழைந்தது.

"காப்பி வாங்கிட்டு வரேன். எனக்கு அந்த டின்பால் அடியில ரெண்டு விரல் நிக்கணும்" என்று ஓவியா எழுந்து போனாள்.

அவள் முதுகு மறைந்ததும் பிறேமினி குனிந்து சொன்னாள். "அஜி, எடுத்தவள் பாண்மீன் எண்டு சொல்லியிருக்கிறாள்."

அஜித்தாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. ஒரு கணம்தான்.

"அப்ப எங்களுக்குள்ளதான்." பெருமூச்சு. "நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லை பிறேமி. ஆனா எங்கட தமிழ் கதைச்சு ஆளை ஏமாத்த ஆருக்கு ஏலும்? நீ போனால் ஆருக்கு வீடில்லை? யோசிச்சுப் பார்."

"அக்கா, விடுங்கோ" என்றான் கொட்வின். தட்டிலிருந்து தலையை அவன் எடுக்கவில்லை.

"என்னத்தை விடுறது? இவளின்ர வாழ்க்கையடா."

ஓவியா நான்கு கண்ணாடிக் குவளைகளையும் இரண்டு கையில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கறுப்புக் கோப்பி, அடியில் வெள்ளையாக டின்பால், மேலே ஐஸ். அவள் உட்காரும்வரை பிறேமினி பொறுக்கவில்லை.

"ஓவியா, மாமிக்குப் போன் எடுத்தது நீயோ?"

ஓவியா அவளைப் பார்த்தாள். பிறகு குவளைகளை மேசையில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கமிட்டி மாமியின் குரலை அப்படியே எடுத்தாள். "ஓம் பிள்ளை, நான்தான் எடுத்தனான். வேற ஆர் எடுக்கிறது? விசரே உமக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் மட்டும்தான் சிரித்தாள்.

"இதே குரல்தானே? இப்பிடித்தானே கதைச்சனி?" பிறேமினி எழுந்துவிட்டாள். "நான் போனா உனக்கு வீடில்லை எண்டதுக்காக என்ர கலியாணத்தில மண் போட்டனியோ? சீ! உன்னை என்ர கூடப்பிறந்தவள் மாதிரி வைச்சிருந்தன்."

பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் அஜித்தாவைப் பார்த்தாள். அஜித்தா கொத்தமல்லி இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொட்வினைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க மூணு பேரும் ஏற்கெனவே பேசி முடிச்சிட்டீங்களா? நான் காப்பி வாங்கப் போன நேரத்துல?"

ஓவியா பிறேமினியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ஜுரம்னா லீவு போட்டு கஞ்சி வெச்சவ நான். கல்யாணப் புடவைக்கு உன்கூட ஈஸ்ட் ஹாம் முழுக்க கால் தேய நடந்தவ நான். வீடு போகுதுன்னு நான் இதப் பண்ணுவேனா? வேற ரூம் பார்த்து அட்வான்சே குடுத்தாச்சுடி. நீ கல்யாண சந்தோஷத்துல இருக்கியேன்னு சொல்லலை."

கைப்பையைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்தாள். வீட்டுச் சாவியை வளையத்திலிருந்து நகம் நோகக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"என் சாமானெல்லாம் ஆள் விட்டு எடுத்துக்கறேன். உங்க பன்மீனை நீங்களே சாப்பிடுங்க."

விறுவிறுவென்று நடந்து சந்தைக் கூட்டத்துக்குள் கலந்துவிட்டாள்.

"போகட்டும்" என்றாள் அஜித்தா. ஓவியாவின் கோப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சனியன் விட்டுது."

பிறேமினி நின்றுகொண்டே இருந்தாள். காதுக்குள் ஏதோ இடறியது. என்ன அது?

பன்மீன்.

கோபத்தில்கூடப் பன்மீன். சிரிப்பில் பன்மீன், பசியில் பன்மீன். கமிட்டி மாமி மாதிரி, ஃபாதர் மாதிரி எல்லாம் பேசத் தெரிந்த ஓவியாவின் நாக்குக்கு இந்த இரண்டு வருடத்தில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான். அவள் போன் எடுத்திருந்தால் மாமி 'பன்மீன் எண்டால் என்ன' என்றுதான் கேட்டிருப்பாள். பாணுக்கை மீனோ என்று கேட்டிருக்கவே மாட்டாள்.

பிறேமினி கதிரையை இழுத்தாள். உட்கார்ந்தாள்.

"அஜி. நாங்கள் இந்தச் சாப்பாட்டுக்கு என்ன பேர் வைச்சனாங்கள்?"

"இதென்ன கேள்வி? பாண்மீன்."

சொன்ன பிறகுதான் அஜித்தாவுக்குப் பொறி தட்டியது. குவளை பாதி வழியில் நின்றது.

"ஏன் அஜி?"

அஜித்தா குவளையை மேசையில் வைத்தாள்.

"இவனை ஒருக்காலாவது நிமிர்ந்து பாத்தனியோ?" அஜித்தா தம்பியைக் காட்டினாள். குரலில் கலக்கம் இல்லை. "ரெண்டு வருஷமா ஒவ்வொரு சனிக்கிழமையும் சட்டனிலயிருந்து இவன் இறால் தோசைக்கே வாறவன்? நீ அவனிட்ட மிளகாய்ச் சோஸ் எடுத்துத் தா எண்டு மட்டும் கேட்டனி. பிறகு எங்கேயோ கிடந்த அம்மாப்பிள்ளை ஒருத்தனுக்கு ஓமெண்டனி."

பிறேமினி கொட்வினைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமோ?"

"எடுத்த பிறகுதான் அக்கா சொன்னவ" என்றான் அவன். காது மடல் சிவந்திருந்தது.

"அப்ப இவ்வளவு நேரமும் தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருந்தனி."

பிறேமினி போனை எடுத்தாள். மாமியின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மேசை நடுவில் வைத்தாள்.

"மாமி, உங்களுக்கு எடுத்த ஆள் எனக்கு முன்னால இருக்கிறா. அது பொய் எண்டு அவவே சொல்லுவா."

"ஹலோ?" என்றது அருள்நாயகியின் குரல். "ஆர்? கதையுங்கோ."

அஜித்தா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மாட்டேன். பிறேமினி கையெடுத்துக் கும்பிட்டாள். மாட்டவே மாட்டேன்.

"ஹலோ? பிள்ளை, என்ன விளையாட்டு இது?"

அதுவரை தட்டைப் பார்த்தே காலத்தைக் கழித்த கொட்வினுக்கு அந்த நேரம் பார்த்துத்தானா ரோஷம் வர வேண்டும்? சட்டென்று போனுக்கு மேல் குனிந்தான்.

"மாமி, அது என்ர அக்கா செய்த வேலை. எனக்காகத்தான் செய்தவ. எனக்குத்தான் பிறேமியில விருப்பம். பிறேமிக்கு ஒண்டும் தெரியாது, சத்தியமா."

மறுமுனையில் மாமி கேட்டாள்.

"நீர் ஆர் தம்பி?"

"கொட்வின்."

"இப்ப எங்க நிக்கிறியள்?"

பிறேமினி பாய்ந்து போனை எடுப்பதற்குள் அவன் வாய் முந்திக்கொண்டது. "டெப்ட்ஃபோர்ட்டில மாமி. சாப்பிட வந்தனாங்கள்."

"ஓ. இண்டைக்கும் சனிக்கிழமைதானே."

"மாமி, நாங்கள் நாலு பேர்..." என்று தொடங்கிய பிறேமினி காலியாகக் கிடந்த நான்காவது கதிரையைப் பார்த்தாள்.

"பிள்ளை," அருள்நாயகி சத்தம் போடவில்லை, அமைதியாகத்தான் சொன்னாள். "ஆர் சொன்னதெண்டு நான் உம்மட்டக் கேக்கேல்லை. பொய்யோ எண்டுதான் கேட்டனான். வைக்கிறன். ஃபாதருக்கு எடுக்க வேணும்."

போன் அணைந்தது.

"பாத்தியே, எப்பிடிப்பட்ட சனமெண்டு?" என்றாள் அஜித்தா. "நல்ல காலம், தப்பினாய்."

பிறேமினி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுந்து நடந்தாள். கொட்வின் பின்னால் கூப்பிட்ட மாதிரி இருந்தது. ஓவியாவின் நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அழுத்தினாள். இந்த முறை மணிகூடப் போகவில்லை.

சந்தை வாசலில் யாரோ தோளைத் தொட்டார்கள். கடைக்கார அம்மாள். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய, ஓவியா பாதி கடித்து வைத்த பாண். மறு கையில் சாவி.

உன் சிநேகிதி இதை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள், பாவம், வாசலில் நிற்கப் போகிறாள், சீக்கிரம் கொண்டுபோய்க் கொடு என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். பிறகு நான்கு விரலைக் காட்டிச் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையும் நாலுதானே?

பிறேமினி சாவியை வாங்கிக்கொண்டாள். அதில் டின்பால் பிசுபிசுத்தது.