வெண்டலின் கருநாக்கு

நான் யார் பெயரைச் சொன்னாலும் அவன் கார் சுவரில் போய் மோதியது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர் ரேடியோவில், மறுநாள் அரை மைல் வட்டப்பாதையில் நடக்கும் கார் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்வது என் வேலை. மே மாதம் வரை ஜோராகத்தான் போனது. அப்புறம் பிடித்தது சனி. நான் சொன்ன ஒருவனுக்கு இன்ஜின் வெடித்தது. அடுத்தவன் டயர் கழன்று சுவரில் போய் மோதினான். மூன்றாவதாகச் சொன்ன ஹாய்ட் தலைகீழாகக் கவிழ்ந்தான்; ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக என்னைத்தான் தேடினான்.

பந்தயத் திடலில் யாராவது வேர்க்கடலை உடைத்தாலே அபசகுனம் என்று அலறுகிற எங்கள் கரோலினா மாநிலத்துக்காரர்கள் இதை விடுவார்களா? ஓட்டுநர்கள் புகையில் வெந்த பன்றிக்கறியோடு என் வீட்டுக்கு வரிசை கட்டினார்கள்.

"வெண்டல் அண்ணே, நல்லா சாப்பிடுங்க. என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

கறி பிரமாதம். அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

அந்த வியாழக்கிழமை ஒத்திகை ஓட்டம். மற்றவர்கள் எந்தக் கார் ஒரு சுற்றில் பறக்கிறது என்று பார்ப்பார்கள். நான் டயர் தேய்ந்த பிறகும் எது தளராமல் போகிறது என்று பார்ப்பேன். பார்த்தேன். தளராமல் போனது ஒரே கார்.

ரேலின். என் தங்கை லர்லீனின் மகள்.

ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வேணாம்."

"நான் வாயே திறக்கலையே!"

"நாளைக்குத் திறப்பீங்க. சார்லட்லேர்ந்து பெரிய டீம் ஆளு சனிக்கிழமை என்னைப் பார்க்க வர்றாரு. ஜெயிச்சா அடுத்த வருஷம் அவங்க கார் எனக்கு. இல்லேன்னா அம்மா சலூன்ல ஊரார் தலைக்கு ஷாம்பு போட்டுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான். ஹாய்ட் பேரைச் சொல்லுங்க."

"அவன் கார் இருபது சுத்துல நொண்டுது, பாப்பா."

"நொண்டட்டும்! உங்களுக்குக் கருநாக்கு, மாமா!"

சாயங்காலம் லர்லீன் போன் செய்தாள். "அண்ணே, என் பொண்ணு பேரு ரேடியோல வந்துச்சுன்னா, தேங்க்ஸ்கிவிங் விருந்துல வான்கோழியை நீ கண்ணால பார்க்க மாட்டே."

வெள்ளி. மைக். 'ஹாய்ட்' என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஊர் என்னைத் திட்டிக்கொண்டே கேட்பதற்கு ஒரே காரணம்தான்: தப்போ சரியோ, இவன் கண்ணில் பட்டதைச் சொல்வான்.

"ரேலின்" என்றேன்.

சனிக்கிழமை அவள் என் பக்கமே திரும்பவில்லை. பந்தயம் பாதி தாண்டியதும் மற்ற டயர்கள் வழுக்க ஆரம்பிக்க, ரேலின் முன்னால் வந்தாள். ஆனால் எங்கள் ஊரில் முன்னால் போவது ஜெயிப்பதாகாது. கடைசிச் சுற்றில் பின்னால் வருகிறவன் பம்பரால் ஒரு இடி இடித்து, ஒதுக்கிவிட்டுப் போவான். அது குற்றமில்லை, வழக்கம்.

கடைசி வளைவு. நொண்டுகிற காரை எப்படியோ விரட்டிக்கொண்டு ரேலினின் பின்னால் ஹாய்ட். இரண்டு பம்பருக்கும் நடுவில் ஒரு ரொட்டித் துண்டு நுழையாது. பக்கத்தில் நின்ற லர்லீனின் நகம் என் கையில் இறங்கியது.

இடிக்கப் போகிறான்... போகிறான்...

பிரேக் போட்டான்!

அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அவளைக் கண்டு வெறிநாயைக் கண்டதுபோல் ஒதுங்கினார்கள். ரேலின் தன்னந்தனியாகக் கோட்டைத் தாண்டினாள். திடல் அதிர்ந்தது.

"ஏன்டா இடிக்கலை?" ஹாய்ட்டைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்க வாயாலதான்! எப்படியும் இவ சுவத்துக்குப் போகப் போறா, நாம எதுக்கு ஒட்டிக்கிட்டுக் கூடப் போகணும்னு காத்திருந்தேன். பாவி, போகவே இல்லையே!"

சார்லட் ஆள் ரேலினின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வருஷக் கார் அவளுக்குத்தான். கையை உருவிக்கொண்டு ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"டயர்தான் ஜெயிச்சுது. நான் சொன்னேன்ல?" என்றேன்.

"போங்க மாமா, அவங்க பயம்தான் ஜெயிச்சுது!"

"டயர்!"

"பயம்!"

"லர்லீன், நீயே சொல்லு" என்று திரும்பினேன்.

அவள் அங்கே இல்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மகளின் கார் கூரைமேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள்.