பிரிக்கத் துடித்த கை

கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து, ஊசியில் நூல் கோக்கவே தையற்காரி படாத பாடு பட்டாள். பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டரம்மா. முதலில் கொடுத்த மாத்திரை அரைகுறையாகத்தான் கேட்டது. அதோடு இன்னொன்றைச் சேர்த்ததும் விரல்கள் சொன்னபடி கேட்டன. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆனால் உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் தலையணை உறையில் தொங்கிய நூலை இழுத்தாள். இழுத்தது சுகமாக இருந்தது. பிளேடை எடுத்துத் தையல் முழுவதையும் பிரித்துப் போட்டாள். பிறகு திரைச்சீலைகள், பிறகு கணவரின் சட்டைகள். பிரித்த துண்டுகளை நிறவாரியாக அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்தாலும் எழுந்திருக்க மனம் வராது.

கணவர் பஸ் டிரைவர். வேலைக்குக் கிளம்பச் சீருடையை மாட்டியபோது, சட்டையின் ஒரு கை அவரோடு வந்தது, இன்னொரு கை தரையில் விழுந்தது.

"என் மேல ஏதாவது கோவமா? இருந்தா வாயால திட்டிடு. சட்டை என்ன பண்ணுச்சு?"

"தையல் சரியில்லைங்க. திரும்பத் தைக்கலாம்னு பிரிச்சேன்."

பொய். தைக்கத் தோன்றவே இல்லை, பிரிக்கத்தான் கை பரபரத்தது. மாத்திரைதான் காரணமோ என்று அவளுக்கே சந்தேகம். சொன்னால் அதைப் பிடுங்கிவிடுவார்கள், பழைய நடுக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று வாயைத் திறக்கவில்லை.

மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்தது. அதற்கென்று முன்பே அம்மா தைத்துக் கொடுத்த கோட்டு கதவில் தொங்கியது. மகள் குளித்துவிட்டு வந்தபோது காலர் ஒரு பக்கம், உள்பக்கத் துணி ஒரு பக்கம் கிடந்தன. அம்மா கையில் பிளேடு.

மகள் கத்தவில்லை. "அம்மா, இது நீ தைச்சதும்மா" என்றாள் மெதுவாக.

தையற்காரி பிளேடை அவளிடம் நீட்டினாள். "என்னால நிறுத்த முடியலடி. அந்தப் புது மாத்திரை வந்ததுலேர்ந்துதான் இப்படி. தெரிஞ்சேதான் மறைச்சேன்."

மகள் பழைய ஸ்வெட்டரோடு போனாள். வேலை கிடைக்கவில்லை. கோட்டு இல்லாததால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாதான் அப்படி நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்த மாத்திரையால சிலருக்கு இப்படி வரும்மா. உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகல. நீங்களா நிறுத்திடாதீங்க, நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்."

"ஆக்சிலேட்டர் மட்டும் இருந்து பிரேக் இல்லாத வண்டி மாதிரி இவ ஆயிட்டா, அவ்வளவுதானே டாக்டர்?" என்றார் கணவர். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

குறைத்ததும் நடுக்கம் பாதி திரும்பியது. காலையில் விரல்கள் விறைத்துக் கிடந்தன. பரபரப்பும் ஒரேயடியாக ஓய்ந்துவிடவில்லை. கை பரபரத்தால் இப்போது அவள் மறைப்பதில்லை. "வந்துருச்சுங்க" என்பாள். கணவர் செருப்பை மாட்டிக்கொள்வார், இருவரும் நடக்கக் கிளம்புவார்கள். மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரமென்றால் அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவாள்.

"கொஞ்சம் நில்லு" என்றார் அவர் ஒருநாள் மூச்சிரைக்க. "வியாதி உனக்கா எனக்கா?"

அவள் நிற்காமல் தெரு முனையில் திரும்பினாள்.