சிரிப்புக்கு முன்னால் ஒரு மூச்சு

காலை ஆறு மணிக்கு நான் மைனா ஆகிவிடுவேன். பத்து மணிக்கு ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு அணைந்த பிறகு முழுதாகத் திரும்பி வருகிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. பதின்மூன்று வருடமாக எங்கள் ஊர்ப் பாட்டு வானொலியில் மைனா என்ற பெயரில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். நிலையத்துக்கு இன்று இருபத்தைந்து வயது. என் முன்னால் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, நான் வாசிக்க வேண்டிய நிலைய வரலாறு. இன்னொன்று, மேலும் ஐந்து வருடம் மைனாவாக இருக்கச் சம்மதிக்கும் ஒப்பந்தம். பத்து மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்று மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார்.

"போடலன்னா?" என்று கேட்டேன்.

"போறதுன்னா தாராளமா போங்க மேடம். மைனாவை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனுஷர். கழுத்தறுப்பதைக்கூட மரியாதையாகச் செய்வார்.

மைனா நிலையத்துக்குச் சொந்தம். தன் கடை விளம்பரத்தை யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை என்ற கோபத்தில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி டயர் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து ஆரம்பித்த நிலையம் இது. வெளிச்சத்தம் வராமலிருக்க சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார்கள். பிறகு ஒரு சிமெண்ட் கம்பெனி வாங்கியது. அப்புறம், பதினான்கு நிலையங்கள் வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒன்று. ஒவ்வொரு கைமாறலிலும் பத்திரத்தில் எழுதினார்கள்: கோபுரம், ஒலிபரப்புக் கருவி, ஏசி, மைனா. முதல் மைனா எட்டு வருடம் இருந்தாள். அடுத்தவள் நான்கு வருடம். மூன்றாவது நான். நேயர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்கு ஒரே மைனாதான், வயதே ஆகாதவள்.

சேர்ந்த புதிதில் ஒரு மாதம் என்னை மைக் பக்கமே விடவில்லை. காதில் ஹெட்போனை மாட்டி, முதல் மைனாவின் பழைய கேசட்டுகளைக் கேட்கச் சொன்னார்கள். என் குரலைவிட அரைக்கட்டை மேலே. சிரிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு. மூச்சு எங்கோ தடுக்கி நின்று, பிறகு கொட்டுகிற சிரிப்பு. அதுதான் மைனாவின் முத்திரை. அந்த இழுப்புக்காகவே ரேடியோ போடுகிறேன் என்று கடிதம் எழுதியவர்கள் உண்டு. வீட்டுக் குளியலறையில் நின்று பழகினேன். "உள்ள யார்கிட்ட சிரிக்கிற?" என்று என் கணவர் கதவைத் தட்டினார். இப்போது மகளைத் திட்டும்போதுகூட அது வந்துவிடுகிறது. "அம்மா, ரேடியோவை ஆஃப் பண்ணு" என்கிறாள். என் பழைய குரலில் போன் பேசினால் சொந்த அக்காவே யாருங்க என்று கேட்கிறாள்.

அதனால் இன்று ஒரு முடிவோடு வந்திருந்தேன். ஒன்பது ஐம்பதுக்குக் கடைசிப் பாட்டு முடிந்ததும் நேரலையில் என் சொந்தப் பெயரைச் சொல்வது. நான் மூன்றாமவள், போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவது. விலகினால் மூன்று வருடம் வேறெந்த மைக்கிலும் பேசக் கூடாது என்று பழைய ஒப்பந்தம் சொல்கிறது. பேசாமல் கிடந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வரலாற்றை வாசித்தேன். "முதல் நாள் நான் இந்த மாடிப்படி ஏறினப்போ" என்று, நான் ஏறாத படியில் ஏறினேன். "முட்டை அட்டையெல்லாம் நானே பசை தடவி ஒட்டினேன்" என்றேன். பொய் தண்ணீர் பட்ட பாடாக வாயில் வந்தது.

பாட்டு ஓடும் நேரத்தில் நேயர் அழைப்புகளை நானே எடுத்து, தேறுவதை மட்டும் ஒலிபரப்புவது வழக்கம். ஒன்பது நாற்பத்தாறுக்கு ஒரு பெண் லைனில் வந்தாள்.

"பசை ஒண்ணும் சரியில்லம்மா. தினம் ரெண்டு அட்டை தலையில விழும்."

அதன் பிறகு அந்த இழுப்பு. அப்புறம் சிரிப்பு. பழைய கேசட்டில் கேட்ட அதே குரல்.

"அக்கா... நீங்களா?"

"நானேதான். ஏர்ல போட்டுறாத. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வருஷக்கணக்கா நினைப்பு. அந்த இழுப்பை ஏம்மா விடாம பண்ற?"

"அது உங்க ஸ்டைல்தானேக்கா? அதைத்தானே கத்துக்கச் சொன்னாங்க."



"ஸ்டைலா? எனக்கு ஆஸ்துமாம்மா. எல்லாம் அந்த அட்டைத் தூசி. இனிமே அந்த ரூமுக்குள்ள கால் வைக்காதன்னு டாக்டர் சொன்னதாலதான் வேலையையே விட்டேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதின்மூன்று வருடமாக இன்னொருத்தியின் நோயை ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஊர் அதை ரசித்திருக்கிறது. என் மகளைக்கூட அந்த நோயோடுதான் திட்டியிருக்கிறேன். பாட்டு முடிய இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. எனக்கு ஒரே ஒரு பதில்தான் தேவைப்பட்டது.

"விட்டதுக்கு அப்புறம் எப்படிக்கா இருந்தீங்க?"

"எங்க விட்டேன்? தினம் ஆறு மணிக்கு எந்திரிச்சு, நீ பேசப் பேச நானும் கூடவே பேசுறேன். வீட்டுக்காரர் கத்துவார். அடுத்து என்ன சொல்லப்போறன்னு உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும்." மூச்சு தடுக்கியது. இந்த முறை பின்னால் சிரிப்பு வரவில்லை. "சரி, பாட்டு முடியப்போகுது. போ, போய்ப் பேசு."

போனை வைத்துவிட்டாள். எங்கேயோ ஒரு அடுக்களையில் அவள் ரேடியோ பக்கத்தில் போய் நிற்பாள் என்று தோன்றியது. மூடி கழற்றிய பேனாவை ஒப்பந்தத்தின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

பாட்டு தேய்ந்து நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. என் பெயரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, அரைக்கட்டை கீழே இறங்கி, என் குரலிலேயே சொல்லிவிட மூச்சை உள்ளே இழுத்தேன். அது பாதியில் தடுக்கி நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.