முழுக் குளிசை

ஐயர் தர்ப்பையை விரலில் மாட்டிவிட்டு நிமிர்வதற்குள் தேவராசா எழும்பிவிட்டான். இது மூன்றாவது தடவை. குணலட்சுமி ஓடிவந்து தம்பியின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"இரடா. அம்மாவுக்குக் கடைசியாச் செய்யிறது."

"ஏலாமல் கிடக்குதக்கா. கால் தன்ரைபாட்டில எழும்புது."

பெட்டிக்குள் அம்மா. நேற்றுக் காலை நெஞ்சுநோவென்று படுத்தவள் எழும்பவில்லை.

பந்தலிலிருந்த கதிரவேலுப் பெரியப்பா பொறுமையிழந்தார். "உவனை வைச்சு இது முடிஞ்ச மாதிரித்தான். இன்னொருக்கால் எழும்பினால் கொள்ளியை நான் வைக்கிறன்."

பெற்ற மகன் இருக்க, பெரியப்பா கொள்ளி வைப்பதா? குணலட்சுமிக்கு நெஞ்சு கொதித்தது.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இருப்புக் கொள்ளாத வருத்தம். கொழும்பில் பெரிய டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசையை விழுங்கினால்தான் ஓரிடத்தில் இருப்பான். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் கொழும்புப் பாதை பூட்டுப்பட, குளிசையும் நின்றது. திடீரென்று விடக்கூடாது, மெல்ல மெல்லக் குறையுங்கோ என்று மானிப்பாய் டொக்டர் சொல்ல, அம்மா கையிருப்பைப் பாக்குவெட்டியால் வெட்டத் தொடங்கினாள். முதலில் அரை, பிறகு கால், பிறகு பாக்குவெட்டியில் ஒட்டிய தூள். குறைந்ததை ஈடுகட்ட வல்லாரைச் சாறும் மீனெண்ணெயும் பருக்கினாள். வீடு நாறியதுதான் மிச்சம். அவன் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் அம்மாவின் கை அவன் முழங்காலில் இருக்கும்.

இனி? குணலட்சுமிக்கு ஊரைவிட்டு வெளிக்கிட இயக்கத்தின் பாஸ் கிடைத்துவிட்டது, கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கு மாப்பிள்ளையிடம் போக எல்லாம் சரி. இவனை யாரிடம் விடுவது? காலையிலிருந்து அவள் அழுத அழுகையில் பாதி தனக்காகத்தான். அது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குசினிக்குள் போய், பாக்குவெட்டி கிடந்த தகரப்பேணியைத் திறந்தாள். கடதாசிச் சுருளுக்குள் வெட்டாத குளிசை ஒன்று. அம்மா எப்போதோ சொல்லி வைத்தது: "உதிலை கை வைக்காதை. என்ரை செத்தவீட்டண்டு தம்பிக்குக் குடு. அண்டைக்குப் பிடிச்சு வைச்சிருக்க நான் இருக்கமாட்டன்."

தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தாள். தேவராசா உள்ளங்கையைப் பார்த்தான்.

"அம்மா வைச்சதோ?"

"ஓம். விழுங்கு."

அவன் செம்பை வாங்கி அண்ணாந்தான். மருந்து பிடிக்கும்வரைக்கும் என்று அவள் பக்கத்தில் குந்தி, அவன் முழங்காலில் கையை வைத்தாள். பொம்பிளைக்கு அங்கே என்ன வேலையென்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை. ஐயர் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். ஒரு மணித்தியாலம், ஒருதரமும் எழும்பவில்லை. என்ன இருந்தாலும் இங்கிலீசு மருந்து இங்கிலீசு மருந்துதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போட முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். குனிந்து, அதுவரை பொத்தியிருந்த இடது கையிலிருந்து எதையோ அரிசிக்குள் சேர்த்துக்கொண்டான். அம்மாவின் வாயருகே அரிசி சிந்தியது. அரிசிக்கு நடுவில் வட்டமாக, வெள்ளையாக, முழுசாகக் கிடந்தது.

குணலட்சுமி தன் கையைப் பார்த்தாள். பெட்டியை மூடினார்கள்.

கொள்ளிச்சட்டியோடு படலைவரை போனவன் திரும்பினான்.

"நீயும் வாவனக்கா."

"பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லையடா."

"நான் வரேக்கை நிப்பியோ?"

பறைமேளம் ஒழுங்கையில் இறங்கிவிட்டது. பெரியப்பா அவசரப்படுத்தினார். அவன் கால் மண்ணைக் கிளறியபடி பதிலுக்குக் காத்து நின்றது.

"ஓம். நிப்பன்."

அவன் ஓடாமல் நடந்து போனான். அவள் படலையைச் சாத்தி, கொளுக்கியை உள்ளே மாட்டினாள்.